கிணற்றில் விழப்போகும் குழந்தை

அன்புள்ள தம்பி,

சீனர்களிடம் இருப்பது நீதிபோதனைதான், வாதம் இல்லாத இடத்தில் தத்துவம் ஏது என்று கேட்டிருந்தாய். ஜெர்மன் தத்துவவாதி ஹெகலும் ஏறத்தாழ இதையே சொன்னார். சீன ஆசான் கன்பூசியஸிடம் நடைமுறை அறம் உண்டு, அதற்கு மேல் எதுவும் இல்லை என்று தம் வகுப்பில் தள்ளிவிட்டார்.

அதற்கு நூறாண்டுக்கு முன் அதே ஜெர்மனியில் காற்று வேறு பக்கம் அடித்தது. 1721-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் பேசிய தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃப், கிறிஸ்தவ வேதத்தின் துணையில்லாமலே சீனர்கள் அறத்தை அறிவால் கண்டடைந்தார்கள் என்றார். இறையியலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பகை முற்றி, 1723-இல் 48 மணி நேரத்துக்குள் வெளியேறு, இல்லையேல் தூக்கு என்று பிரஷ்ய மன்னரின் ஆணை வந்தது. வெறும் நன்னெறிக் கதையைக் கேட்டு யாரும் இவ்வளவு மிரள மாட்டார்கள்.

கன்பூசியஸின் உரையாடல்களை மட்டும் படித்தால் உன் சந்தேகம் நியாயமே. ஆசான் சொல்கிறார், காரணம் பெரும்பாலும் வராது. ஆனால் கன்பூசியஸின் வழியில் பின்னால் வந்த மென்சியஸிடம் வா. குழந்தை ஒன்று கிணற்றில் விழப்போவதைத் திடீரென்று பார்க்கும் எவருக்கும் நெஞ்சு பதறும் என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் உபதேசம். அவரோ துருவுகிறார்: அந்தப் பதற்றம் பெற்றோரின் தயவைப் பெறவா? ஊராரின் புகழுக்கா? அலறலைக் காது தாங்காததாலா? மூன்று வழியையும் அடைத்த பிறகுதான், இரக்கம் மனித இயல்பிலேயே முளைவிட்டிருக்கிறது என்று முடிக்கிறார். அவருக்கும் பின்னால் அதே மரபில் வந்த சுன்சி, இயல்பு கெட்டது, நன்மை பயிற்சியால் வருவது என்று அவரை நேருக்கு நேர் மறுத்தார். எப்படி வாழ்வது என்பதையே கேட்டுக்கொண்டிருந்த கிரேக்கச் சிந்தனையாளர்களான சாக்ரடீஸையும் எபிக்டீடஸையும் தத்துவ அலமாரியிலிருந்து யாரும் இறக்கவில்லையே!

மென்சியஸ் நூலின் ஆறாம் பகுதியிலிருந்து தொடங்கு. கிழக்கே வெட்டிவிட்டால் தண்ணீர் கிழக்கே ஓடும், மேற்கே வெட்டிவிட்டால் மேற்கே. மனித இயல்பும் அப்படித்தான், நல்லது கெட்டது அதற்குக் கிடையாது என்கிறார் அங்கே மென்சியஸோடு வாதிடும் காவோசி. தண்ணீருக்குத் திசை தெரியாது, சரி, மேடு பள்ளமுமா தெரியாது, அது பள்ளத்துக்கு ஓடுவதுபோல மனித இயல்பு நன்மைக்குச் சாய்கிறது என்று மடக்குகிறார் மென்சியஸ். அந்த இடத்தில் காவோசியின் மறுமொழி பதிவாகவில்லை. எனக்கென்னவோ அவர் தோற்றதாகத் தோன்றவில்லை; தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதால் மனிதன் நல்லவன் என்று ஆகிவிடாது. நீ எந்தப் பக்கம் என்று படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்