சந்தா கட்டுமுன் சீட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல், கனிமம் சேகரிக்க ஆசைப்படுவோர் பலர் முதலில் சுத்தியல் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது சங்கத்தை. பெயர்ப்பலகை வைத்திருக்கும் சங்கங்கள் குறைவு. கல்லூரி நிலவியல் துறையிலும், அருங்காட்சியகத்தின் கனிமப் பிரிவிலும், ரத்தினக்கல் பட்டை தீட்டுவோரிடமும் விசாரித்தால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

சந்தா கட்டுமுன் ஒரு கூட்டத்துக்குச் சும்மா போய், உறுப்பினர்களின் கல் பெட்டிகளைப் பாருங்கள். பளபளப்பில் மயங்க வேண்டாம், கல்லோடு வைத்திருக்கும் விவரச் சீட்டைப் பாருங்கள். கல்லின் ஓர் ஓரத்தில் வெள்ளைப் பூச்சுப் பொட்டு, அதன்மேல் மையில் ஓர் எண், அந்த எண்ணுக்குப் பதிவேட்டில் கனிமத்தின் பெயர், கிடைத்த இடம், தேதி. இவ்வளவும் இருந்தால் நல்ல சங்கம். இடம் தெரியாத கல் அலமாரிக்கு அழகு, ஆய்வுக்குப் பெரிதாக உதவாது. சீட்டு மட்டும் வைத்து, கல்லில் எண் எழுதாமல் விட்டால், பெட்டி ஒருமுறை கவிழ்ந்தாலே கதை முடிந்தது.

களப்பயண ஏற்பாட்டையும் கேளுங்கள். நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குகிறார்களா? குவாரியில் தலைக்கவசம் கட்டாயமா? செங்குத்துப் பாறைச் சுவரின் அடியில் யாரையாவது நிற்க விடுகிறார்களா? "யாரும் கேட்க மாட்டாங்க, வாங்க" என்று சொல்பவர்களுடன் போகாதீர்கள். தச்சுச் சுத்தியலால் பாறையைத் தட்டினால் சுத்தியலின் முகப்பு சிதறி, எஃகுத் துணுக்கு கண்ணில் பாயலாம். நிலவியல் சுத்தியலே ஆனாலும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஓங்கக் கூடாது.

தொடக்கத்துக்கு 10 மடங்கு லென்ஸ், மெருகிடாத வெள்ளைப் பீங்கான் ஓடு, ஓர் இரும்பு ஆணி போதும். ஓட்டில் உரசினால் தங்கம் மஞ்சளாகவும், அதைப்போல மினுக்கும் பைரைட் பச்சை கலந்த கருமையாகவும் கோடிடும். குவார்ட்ஸும் கால்சைட்டும் சில சமயம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் கனிமத்தின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் முன்னது 7, பின்னது 3. ஆணி கால்சைட்டைக் கீறும், குவார்ட்ஸில் வழுக்கும்.

வீட்டில் கெடுவதுதான் அதிகம். பாறை உப்பைக் கழுவினால் கரையும். ஊதா நிறக் குவார்ட்ஸான அமெதிஸ்ட் வெயிலில் வெளிறும். பைரைட் ஈரக்காற்றில் பொடிந்து, பெட்டியையும் சீட்டையும் அமிலத்தால் அரிக்கும். கலீனா என்ற கனிமத்தில் ஈயம் உண்டு, தொட்டால் கை கழுவ வேண்டும். இதையெல்லாம் பழைய உறுப்பினர் ஒருவர் அரை மணியில் சொல்லிக்கொடுத்துவிடுவார். ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

ஆகவே, தங்கள் நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் இத்தகைய சங்கங்களின் கூட்ட நாளையும் இடத்தையும் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கனிமச் சேகரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்