ஜனவரி மலையில் எனக்காக விழித்திருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். ஸ்பைன் ரேஸை முடித்து லீட்ஸுக்குத் திரும்பியதிலிருந்து வாழ்த்துகள் வந்தபடியே இருக்கின்றன. "எப்படித்தான் ஒத்தையில அவ்வளவு தூரம் போனே?" என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்கிறீர்கள். ஒத்தையில் போகவில்லை. என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் யார் யார் என்பதை ஊரறியச் சொல்லாமல் இந்த வாழ்த்துகளை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பந்தயத்தைப் பற்றித் தெரியாத சொந்தக்காரர்களுக்காகச் சில வரிகள். இங்கிலாந்தின் முதுகெலும்பு என்று சொல்லப்படும் பென்னைன் மலைத்தொடரின் மேல், ஈடேல் என்ற சிற்றூரில் தொடங்கி, வடக்கே ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி கிர்க் யெட்டம் வரை போகிறது பென்னைன் வே நடைபாதை. 268 மைல், அதாவது 431 கிலோமீட்டர். அதை ஜனவரியில், 168 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். கடிகாரம் நிற்காது; சாப்பிடுவது, தூங்குவது, காலுக்கு மருந்து போடுவது எல்லாம் அந்த ஏழு நாள் கணக்குக்குள்தான். பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் நெற்றி விளக்குதான் துணை. தூங்கும் பை, சின்ன அடுப்பு, வரைபடம், திசைகாட்டி, பனிக்கண்ணாடி எல்லாம் முதுகிலேயே இருக்க வேண்டும். சேறும் மழையும் பனியும் காற்றும் முறை வைத்து வரும். சில இரவுகளில் முறை பார்க்காமல் சேர்ந்தே வரும்.

முதல் நன்றி நான் பார்த்தேயிராதவர்களுக்கு. ஈடேலிலிருந்து ஏறியதும் வருவது கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம். ஒரு காலத்தில் நிலச்சுவான்தார்கள் பறவை வேட்டைக்காகக் காவல் போட்டு அடைத்து வைத்திருந்த இடம் அது. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்து இளந்தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, காவலாளிகளை மீறி அதன் மேல் ஏறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பென்னைன் வே முழுப் பாதையாகத் திறக்கப்பட்டது 1965-இல். திருநெல்வேலியில் பிறந்த ஒரு நர்ஸ் இன்று யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்த மண்ணில் கால் வைக்க முடிகிறதென்றால், அதற்கான விலையை அவர்கள் எப்போதோ கொடுத்துவிட்டார்கள்.

அடுத்து, கல் பாவியவர்கள். மலையுச்சிகளில் கரிச்சேறு இடுப்பளவு ஆழம் இருக்கிற இடங்கள் உண்டு. அதன் மேல் பெரிய பெரிய கல் பலகைகளை வரிசையாகப் போட்டு வழி அமைத்திருக்கிறார்கள். அவற்றில் பல, மூடிப்போன பஞ்சாலைகளின் தரையிலிருந்து பெயர்த்தெடுத்தவை. ஹெலிகாப்டரில் தூக்கி வந்து இறக்கியிருக்கிறார்கள். தறிகளுக்கு நடுவே நின்று உழைத்தவர்கள் மிதித்த கல் அது. இரவில் விளக்கு வெளிச்சத்தில் அடுத்த கல் கண்ணில் பட்டதும் வரும் நிம்மதியை நடந்து பார்த்தவர்களுக்குத்தான் சொல்ல முடியும். தூக்கமில்லாத ராத்திரிகளில் அந்தக் கற்களில் எனக்குக் கோலங்கள் தெரிந்தன. புள்ளிக்கோலம், சிக்குக்கோலம், எல்லாம் ஒழுங்காக. பயமாக இல்லை. யாரோ வாசல் தெளித்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பியே நடந்தேன்.

இப்போது தொண்டர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடுகிறவளுக்கு உடம்பு சூடாக இருக்கும். ஸ்னேக் பாஸ் சாலையில் நான் பாதுகாப்பாகக் குறுக்கே கடக்க வேண்டும் என்பதற்காக மணிக்கணக்கில் நின்றிருந்தாரே, அவருக்கு எந்தச் சூடும் இல்லை. நான் வந்தேன், இரண்டு நிமிடம் பேசினேன், போய்விட்டேன். எனக்குப் பின்னால் வரும் கடைசி ஆள் வரைக்கும் அவர் அங்கேயே நிற்க வேண்டும். குளிர் யாருக்கு அதிகம் என்று கேட்டால், நிற்கிறவர்களுக்குத்தான் என்பேன். நான் ராத்திரி டியூட்டி பார்க்கிறவள். பிறருக்காக விழித்திருப்பது உடம்பில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதுவும் இவர்கள் சம்பளமில்லாமல், ஆண்டு விடுப்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறவர்கள்.

ஓட்டக்காரர்கள் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் ஹெப்டன் முகாமில் வாசலிலேயே என் சேற்றுக் காலணிகளைக் கழற்றி வாங்கிக்கொண்டு, முகாமுக்கு முன்பே வந்திருந்த என் மாற்றுப் பையைத் தேடிக் கொண்டுவந்து, நான் வாய் திறக்கும் முன்னே டீயை நீட்டிய அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு நன்றி. லோதர்ஸ்டேலில் பந்தயத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், உள்ளூர் டிரையத்லான் கழகத்தார் தாங்களாகவே கொட்டகை போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சூடாகச் சாப்பாடு கொடுக்கிறார்கள். நம் ஊரில் பாதயாத்திரைக்காரர்களுக்கு நீர்மோர்ப் பந்தல் வைப்பார்களே, அந்த மனசு யார்க்‌ஷயரிலும் இருக்கிறது. டான் ஹில் விடுதி, 528 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிட்டனிலேயே உயரமான மதுக்கடை அதுதான். அங்கே நான் குடித்தது வெந்நீர் மட்டும். அதையும் காசு வாங்காமல் குடுவை நிறைய ஊற்றிக் கொடுத்தார்கள்.

கிராஸ் ஃபெல் 893 மீட்டர். பென்னைன் மலைகளில் அதுதான் உச்சி. அங்கே அடித்த காற்றை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் பனி ஒட்டிக்கொண்டது, கண்ணாடியைக் கழற்றினால் இமையில் ஒட்டிக்கொண்டது. நாலு எட்டு வைத்துவிட்டு நின்று, குனிந்து, திரும்ப நாலு எட்டு. உச்சியிலிருந்து இறங்கினால் கிரெக்ஸ் ஹட் என்ற கல்வீடு. முன்பு ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கிய இடம். உள்ளே அடுப்பு எரிகிறது, நூடுல்ஸ் கொதிக்கிறது. "மிளகாய் போடட்டுமா?" என்று சமைத்தவர் கேட்டார். அவர் ஒரு துண்டு போட்டதும் இன்னும் போடுங்கள் என்றேன், இன்னும் என்றேன், அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு முழு மிளகாயையும் நறுக்கிப் போட்டார். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டேன். அந்த மனிதர்கள் சாமான்களோடு அந்த உயரத்துக்கு ஏறி, நாள்கணக்கில் அங்கேயே தங்கிச் சமைக்கிறார்கள்.

ஆல்ஸ்டன் முகாமில் நடந்ததைத்தான் நான் மறக்கவே முடியாது. மருத்துவக் குழுவில் ஒருவர், என் அப்பா வயது இருக்கும். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தான் தரையில் மண்டியிட்டு என் காலுறையைக் கழற்றினார். ஈரத்திலேயே கிடந்த பாதம், நாளெல்லாம் துணி துவைத்த கை போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. குதிகாலில் தோல் பிரிந்திருந்தது. நாற்றம் எனக்கே தாங்கவில்லை. பெரியவர் என் காலைத் தொடுகிறாரே என்று கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாகக் காலைத் திரும்பத் தன் மடியில் வைத்து, விரல் இடுக்கு இடுக்காகத் துடைத்து, காற்றில் உலரவிட்டு, பவுடர் தூவி, கொப்புளங்களில் ஊசி குத்தி நீர் எடுத்து, டேப் ஒட்டினார். ஓரத்தை மட்டும் வட்டமாக வெட்டி ஒட்டினார். கூர் முனை இருந்தால் காலுறையில் மாட்டி உரிந்துவிடும். அது எங்கள் வேலை. வார்டில் எத்தனையோ பேருக்கு நான் செய்திருக்கிறேன். வாங்கிக்கொள்கிற பக்கம் உட்கார்ந்தது அன்றுதான். ஐயா, உங்கள் பெயரைக் கேட்கக்கூட அப்போது எனக்குத் தெம்பில்லை. நீங்கள் கட்டிய கட்டு கிர்க் யெட்டம் வரைக்கும் அவிழவில்லை.

அங்கிருந்து ஹாட்ரியன் சுவர் வரைக்கும், அதையும் தாண்டி பெல்லிங்ஹாம் வரைக்கும், என்னோடு நடந்த ஸ்காட்லாந்துக்கார அக்காவுக்கு என்ன சொல்ல? இருவருக்கும் கண் சொக்கியது. "உன் ஊர்ச் சமையல் எதையாவது சொல், நிறுத்தாதே" என்றார். திருநெல்வேலிச் சொதியை ஆரம்பித்தேன். தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் தனித்தனியாக எடுப்பது, பாசிப்பருப்பை வேகவைப்பது, முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் சேர்ப்பது, முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்குவது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு அதைத்தான் வைப்பார்கள், கூடவே இஞ்சிப் பச்சடி கட்டாயம் என்றேன். "ஏன் இஞ்சி?" என்று கேட்டார். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக நிற்கும், இஞ்சிதான் செரிக்க வைக்கும் என்று விளக்கியபடியே, இரண்டாயிரம் ஆண்டு நெருங்கும் ரோமானியச் சுவரின் மேடுபள்ளங்களை ஏறி இறங்கினோம். 2023-இல் இரண்டு பேர் வெட்டிச் சாய்த்த, ஊரறிந்த சிக்கமோர் மரம் நின்ற பள்ளத்தில் மட்டும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

பெல்லிங்ஹாமில் என்னை உடனே போகவிடாமல் நிறுத்தி வைத்த பெண் மருத்துவருக்குத் தனி நன்றி. "சாப்பிடு, ஒரு மணி நேரம் தூங்கு, எழுந்து என்னோடு நேராகப் பேசு, பிறகு பார்க்கலாம்" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னதுதான் சரி. அடுத்து பைர்னஸ் ஊரைத் தாண்டினால் செவியட் மலைகள். முடிவு வரைக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குக் குறுக்கே ஒரு சாலைகூடக் கிடையாது. வழியில் இரண்டே இரண்டு மரக்குடில்கள். அந்தக் குடிலில் குளிரில் உட்கார்ந்து, வருகிறவர் முகத்தில் விளக்கடித்துப் பார்த்து அனுப்புகிறவர்களுக்கும், கீழே எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருந்த மலை மீட்புக் குழுவினருக்கும் என் வணக்கம். இங்கே மலை மீட்பு அரசாங்க வேலை இல்லை. தச்சர், ஆசிரியர், விவசாயி என்று பலரும் சொந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருகிறார்கள். செலவு ஓடுவது நன்கொடையில்.

ஜாஸ்மின் பாரிஸுக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவர் இதைப் படிக்கப்போவதில்லை என்றாலும். 2019-இல் இதே பந்தயத்தில் ஆண் பெண் எல்லோரையும் முந்தி 83 மணி 12 நிமிடத்தில் முடித்தார். வழியில் முகாம்களில் கைக்குழந்தைக்காகப் பால் எடுத்துக்கொண்டே ஓடினார். அந்தச் செய்தியைப் படித்தபோது என் மகள் என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். மலையில் பெண்ணுக்கு இடமுண்டு என்று யாரும் எனக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி வீட்டு ஆட்கள். அத்தை, நீங்கள் பாளையங்கோட்டையிலிருந்து இந்தக் குளிருக்கு வந்து, என் பிள்ளைக்குத் தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, "உங்க அம்மா மலைக்குப் போயிருக்கா, வந்துருவா" என்று தினமும் சொன்னீர்கள். மருமகள் காட்டில் ஓடுவதைப் பற்றிச் சொந்தபந்தம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நீங்களே பதில் சொன்னதாக என் வீட்டுக்காரர் சொன்னார். என் காதுக்கு ஒன்றைக்கூட வரவிடவில்லை. விடியுமுன் பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் கதவைச் சாத்தித் தாழ் போட எழுந்து வந்த என் வீட்டுக்காரருக்கு, எழுத்தில் இதற்கு மேல் வேண்டாம், அவருக்குத் தெரியும். அம்மா, ஓட்டக்காரர்கள் சுமக்கும் கருவி அனுப்பும் புள்ளியைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டு ராத்திரியெல்லாம் நீ தூங்கவில்லை என்று அண்ணன் சொன்னான். "புள்ளி நகரலையே" என்று நீ பதறிய நேரத்தில் நான் ஆல்ஸ்டனில் சூப் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வார்டில் என் இரவு டியூட்டிகளை மாற்றி எடுத்துக்கொண்ட கோட்டயம் சேச்சிக்கும், பிலிப்பைன்ஸ் தோழிக்கும், விடுப்பு அட்டவணையை மூன்று முறை திருத்தி எழுதிய எங்கள் சிஸ்டருக்கும் கடன்பட்டிருக்கிறேன். அடுத்த கிறிஸ்துமஸ் ராத்திரிகள் என்னுடையவை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாழ்த்தோடு பரிசும் பணமும் அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைப் பென்னைன் வழியில் உள்ள ஏதாவதொரு மலை மீட்புக் குழுவின் உண்டியலில் போட்டுவிடுங்கள். வரும் ஜனவரியில் நான் ஓடப்போவதில்லை. தொண்டராகப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஆல்ஸ்டனில் கால் கட்டும் மேசை கிடைத்தால் சந்தோஷம், சாலையோரம் நிற்கச் சொன்னாலும் சந்தோஷம். லீட்ஸ், பிராட்ஃபோர்ட் பக்கத்துத் தமிழ் நர்ஸ்கள் யாருக்காவது என்னோடு வர விருப்பமிருந்தால் சொல்லுங்கள். காரில் நாலு பேருக்கு இடமிருக்கிறது. கம்பளிக் காலுறை மட்டும் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
லீட்ஸிலிருந்து உங்கள் நர்ஸ்