வேலையை ஒத்துக்கொள்ளும் முன்

அன்புள்ள மகளுக்கு,

அந்த டிபார்ட்மென்ட் ஸ்டோரின் கொள்முதல் பிரிவில் வேலை கிடைத்ததாக எழுதியிருந்தாய். சந்தோஷம். கையெழுத்துப் போடும் முன் கடையின் கணக்கைப் பார்த்துவிடு. இந்தப் பெரிய கடைகளை இணையம்தான் சாய்த்தது என்பார்கள். இணையம் அடித்தது நிஜம். பல கடைகளை எழவிடாமல் அமுக்கியது கடனும் வாடகையும்.

பிரிட்டனின் டெபன்ஹாம்ஸ் 2005-இல் 23 கடைகளின் கட்டடங்களை 49.5 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, அதே கட்டடங்களில் நீண்டகாலக் குத்தகைக்கு உட்கார்ந்தது. விற்பனை இறங்கியபோது வாடகை இறங்கவில்லை. நஷ்டத்தில் ஓடும் கிளையை மூடினாலும் குத்தகைக் காலம் முடியும்வரை பணம் கட்டியாக வேண்டும். 2021 மே மாதத்தில் கடைசிக் கிளையும் மூடியது. அமெரிக்காவின் சியர்ஸும் இதேபோல் 2015-இல் இருநூறுக்கும் மேற்பட்ட கடை இடங்களை விற்றது. 2018 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. அதனால் ஆண்டறிக்கையில் முதலில் கட்டடம் யாருடையது, குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு, கடன் தவணை எப்போது என்று தேடு.

அடுத்து சரக்கு. ஓராண்டில் விற்ற சரக்கின் கொள்முதல் மதிப்பைச் சராசரி இருப்பின் மதிப்பால் வகு. 4 வந்தால், சரக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. ஆண்டுக்காண்டு இந்த எண் குறைந்தால் தேக்கம் என்று அர்த்தம். துணி, பருவம் தாண்டினால் தள்ளுபடிக்குத்தான் போகும். 50-க்கு வாங்கியதை 100-க்கு விற்றால் 50 நிற்கும். 40 சதவீதம் தள்ளிக் கொடுத்தால் நிற்பது 10. அந்த 50-ஐ எடுக்க ஐந்து உருப்படி விற்க வேண்டும். தள்ளுபடிக்குப் பழகியவர்கள் முழு விலைக்குத் திரும்புவதும் இல்லை. அமெரிக்காவின் இன்னொரு பெரிய கடையான ஜேசி பென்னி 2012-இல் கூப்பன்களை நிறுத்தி, எப்போதும் ஒரே குறைந்த விலை என்று அறிவித்தது. அந்த ஆண்டு விற்பனை ஏறக்குறைய கால் பங்கு சரிந்தது. கொள்முதலில் உட்காருபவள் இதை மறக்கவே கூடாது.

நேரிலும் ஒருமுறை போய்ப் பார். நன்றாக ஓடும் அளவுகள் தீர்ந்துபோய், மிகச் சிறியதும் மிகப் பெரியதும் மட்டும் தொங்கினால் விசாரி. சப்ளையர்கள் கடனுக்குச் சரக்கு அனுப்பத் தயங்குவதன் முதல் அடையாளம் பல நேரம் அதுதான். அவர்களுக்கு எத்தனை நாளில் பணம் போகிறது என்று கூச்சப்படாமல் கேள். முன்பணம் கொடுத்தால்தான் சரக்கு என்ற நிலை வந்திருந்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் போகாதே அம்மா.

அன்புடன்,
அப்பா