ஆள் இல்லாத இடத்தில் மழை: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் தேவனாம்பட்டினத்துக்காரன். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன ஐப்பசியில் வானிலை ஆய்வு மையத்தின் ஆங்கில அறிக்கை ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ‘ஹெவி ரெயின் அட் ஐசொலேட்டட் பிளேசஸ்’ என்று செய்தி வாசிப்பவரைப் போல, ஒரு சொல்லிலும் தடுக்காமல் படித்தாள்.

“அப்படியென்றால் என்னம்மா?”

“ஆள் இல்லாத இடத்தில் கனமழை பெய்யுமாம் அப்பா.”

கொரோனா காலத்தில் ‘ஐசொலேஷன் வார்டு’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, வேறு எப்படிச் சொல்வாள்? வானிலைக்காரர்கள் கணக்கில் ‘ஐசொலேட்டட் பிளேசஸ்’ என்றால், ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மிகாத இடங்களில் என்று பொருள். ‘ஹெவி’ என்பதற்கும் அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புரட்டிப்போட்ட ஊரில் இது புரியாமல் இருக்கலாமா?

வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விடுமுறை அறிவிப்பும் வீட்டுப்பாடப் படமும் தவிர அதில் ஒன்றும் வருவதில்லை. வாரம் இருமுறை எட்டு வரி ஆங்கிலம் அனுப்புங்கள். பாடநூலில் இல்லாததாக இருக்கட்டும்: வானிலை அறிக்கை, மருந்து அட்டை, ரயில் நேர மாற்றம். கேள்வி ஒன்று போதும். பத்தியிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கி எழுதிவிட முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். ‘நாளைக் காலை படகை இறக்கலாமா? எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?’

ஆனால் கேள்வியைக் குழுவில் கேட்காதீர்கள். முதல் பிள்ளை எழுதியதை மற்றவர்கள் அப்படியே ஒட்டிவிடுவார்கள். பெண்பிள்ளைகளின் எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதே வாட்ஸ்அப்பில், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ‘பிராட்காஸ்ட் லிஸ்ட்’ இருக்கிறது. அதில் யார் எண்ணும் மற்றவருக்குத் தெரியாது, பதில் உங்களுக்கு மட்டுமே வரும். உங்கள் எண்ணைப் பெற்றோர் தங்கள் கைப்பேசியில் பதிந்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

பதிலைத் தமிழில், முப்பது விநாடிக் குரல்பதிவாகக் கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் மனப்பாடம்தான் திரும்பி வரும். நாற்பது பேருடையதைக் கேட்க இருபது நிமிடம் ஆகும். உங்களுக்கு ஏற்கெனவே பதிவேட்டு வேலை தலைக்குமேல் என்பது தெரியும். ஒரு முறைக்குப் பத்துப் பேர் என்று மாற்றி மாற்றிக் கேட்டாலும் போதும்.

ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. விடியுமுன் என்னோடு துறைமுகத்துக்குப் போனால் இரவு ஏழு மணிக்கு மேல்தான் மகள் கைக்கு வரும். மறுநாள் இரவு வரை கெடு கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்