சேதுவுக்கு, ஸ்டாண்ட் விஷயமாக

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து தை போய் மாசியும் பிறந்துவிட்டது. திட்டாதே. கல்யாண வேலை, அது முடிந்ததும் வீட்டுக்கு வெள்ளையடிப்பு. இங்கே எல்லோரும் சுகம். மணி அண்ணன் இன்னும் அதே ஸ்கூட்டரைத்தான் உதைத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் அதே மாதிரிதான் பதில் சொல்கிறது.

இன்று உட்கார்ந்து எழுதக் காரணம் ராஜி போனில் சொன்ன செய்தி. கேமராவை நிறுத்த கார்பன் ஃபைபர் ட்ரைபாட், அதாவது மூன்று கால் ஸ்டாண்ட் ஒன்றுக்கு நீ முன்பணம் கட்டப் போகிறாயாமே? நாற்பதாயிரமாம்! டேய், மாமா ஸ்டுடியோவிலிருந்து வந்த அந்த வாகீஸ்வரி கேமராவே உனக்குச் சும்மா கிடைத்தது. ஆலப்புழையில் தேக்கிலும் பித்தளையிலும் இழைத்த கேமராவுக்கு விமானத்துக்குப் போடுகிற சாமானில் கால் எதற்கு? கட்டிவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்.

பெட்டியில் '25 கிலோ தாங்கும்' என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கை நம்பாதே. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான சோதனை முறை ஒன்றும் கிடையாது, ஆளாளுக்கு ஒரு கணக்கு. தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. உன் கேமராவின் பாரத்தில் எந்த ஸ்டாண்டும் ஒடிந்து விழப் போவதில்லை. அது நடுங்கும், அதுதான் சங்கடம். நீயோ எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் போட்டு, லென்ஸ் துளையை எஃப் 45 வரை சுருக்கி மூடி, ஒரு விநாடி இரண்டு விநாடி என்று எடுக்கிற ஆள். உன் லென்ஸில் ஷட்டரும் இல்லை. மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுகிறாய். அந்தக் கை பட்ட ஆட்டம் அடங்குவதற்குள் பிலிமில் பாதி வெளிச்சம் விழுந்துவிடும்.

அப்புறம் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது உனக்குத் தெரியாததா? குதிரைமொழித் தேரிச் செம்மணல் மேட்டில் போய் கேமராவின் அவ்வளவு பெரிய துருத்தியை விரித்து நிறுத்தினால் அது பாய்மரம்தான். இதற்கு எடை தாங்கும் கால் போதாது, முறுக்கிக்கொள்ளாத கால் வேண்டும். குழாயின் கனம் மாறாமல் விட்டம் மட்டும் இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்கு ஆகிவிடும். அதனால்தான் நாலு மடிப்பு, ஐந்து மடிப்புக் கால்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கடைசி மடிப்பு விரல் தண்டிதான் இருக்கும், மொத்தப் பாரமும் அதில்தான் நிற்கும். நடுவில் உயர்த்துகிற கம்பி இருந்தால் அதைத் தொடவே தொடாதே. மூன்று கால் வாங்கிவிட்டு ஒற்றைக் காலில் நிறுத்துவானேன்?

சரி, என்னதான் வாங்குவது என்கிறாயா? சர்வேயர் ஸ்டாண்ட். வயல் அளக்க வருகிறவர்கள் தோளில் தூக்கி வருவார்களே, மஞ்சள் பெயின்ட் அடித்த மரக்கால், அதுதான். நான் வாங்கிவிட்டேன், அந்தச் சந்தோஷத்தில்தான் கடிதம் இவ்வளவு நீளுகிறது. அதன் மேல் அவர்கள் வைக்கிற டோட்டல் ஸ்டேஷன் ஐந்தாறு கிலோ இருக்கும். ஒரு பாகையை 3600 பங்காக்கிக் கோணம் அளக்கிற கருவி அது. கால் ஒரு மயிரிழை முறுக்கினாலும் ஊர் எல்லையே மாறிப்போகும். அதற்கு ஆடாதது உனக்கா ஆடப் போகிறது? வடக்கே ரூர்க்கியில் இதையெல்லாம் செய்கிற பட்டறைகள் நிறைய உண்டு. இங்கே கோவையில் சர்வே சாமான் விற்கிற கடையிலேயே ஐந்தாயிரத்துக்குள் முடிந்தது. மரம் என்று முகம் சுளிக்காதே. உலோகக் கால் தட்டினால் ரீங்கரிக்கும், மரம் அதிர்வைச் சீக்கிரம் விழுங்கிவிடும். ஜெர்மனியில் முல்டா என்ற ஊரில் பெர்லேபாக் கம்பெனி 1898இல் தொடங்கி இன்றைக்கும் ஆஷ் மரத்தில்தான் ட்ரைபாட் செய்கிறது. அதை வரவழைத்தால் உன் நாற்பதாயிரம் சுங்கத்துக்கும் கூலிக்குமே கரையும்.

ஒரு சிக்கல் உண்டு. சர்வே ஸ்டாண்டின் திருகு 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 11 மரை. கேமராவுக்கும், அதைத் திருப்பிச் சாய்க்கிற ஹெட்டுக்கும் வருவது 3/8 அல்லது 1/4. இங்கே கணபதி ஏரியாவில் ஒரு லேத்துக்காரரிடம் போய், அடியில் 5/8 உள்மரை, மேலே 3/8 வெளிமரை என்று வட்டத் தகடு ஒன்று கடைந்து வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கல்யாண போட்டோவுக்குங்களா சார்?" தகட்டின் மேல் மூன்று கைப்பிடி வைத்த பழைய ஹெட் ஒன்றை மாட்டியிருக்கிறேன். உருண்டையில் சுழல்கிற பால் ஹெட் பக்கம் போகாதே. பிடி கொஞ்சம் தளர்ந்தால் கேமரா மொத்தமும் மூக்குக் குப்புறச் சாயும், உன் மாமா ஆவியாக வந்து நிற்பார். ஹெட்டின் மேல்தட்டு சிறியதாக இருந்தால் நடுவில் ஒரு பிளைவுட் பலகை கொடு. திருகு நீளத்தையும் பார்த்துக்கொள், நீண்டுவிட்டால் அடிப்பலகையைப் பொத்துக்கொண்டு போய்விடும்.

தேரி மணலுக்கு இன்னொரு ஏற்பாடு. கூர்முனைக் கால் மண்ணில் நன்றாக இறங்கி நிற்கும். மணலில் நிற்காது, நீ கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்று ரீப்பரை முக்கோணமாக அடித்து, மூலைகளில் குழி போட்டு, அதில் காலை வை. மொசைக் தரையில் கால் விரியாமல் இருக்கவும் அதே முக்கோணம் உதவும். காற்றடித்தால் கல் பையைக் கட்டு, ஆனால் அந்தரத்தில் தொங்கவிடாதே. பை ஆடினால் ஸ்டாண்டையும் சேர்த்து ஆட்டும். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

மரம் வேண்டவே வேண்டாம் என்று அடம் பிடித்தால், கல்யாண வீடியோக்காரர்களிடம் கேட்டுப் பார். எல்லோரும் கையில் பிடிக்கிற கிம்பலுக்கு மாறிவிட்டார்கள், பழைய கனத்த வீடியோ ஸ்டாண்டுகள் மூலையில் கிடக்கின்றன. காலை மட்டும் வாங்கு. அதன் ஹெட்டில் இருக்கிற ஸ்பிரிங் நீ சாய்த்ததைத் திரும்பத் தூக்கிக்கொண்டே இருக்கும். எதை வாங்கினாலும் கடையிலேயே சோதித்துவிடு: மேலே லேசர் பாயின்டரை இறுக்கிக் கட்டி, எதிர்ச்சுவரில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைத் தட்டு. புள்ளி எவ்வளவு நேரம் துடிக்கிறது என்பதுதான் விலை.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் யோசனையை இப்போதைக்கு விடு. தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் உள்ளே ட்ரைபாட் விரிக்க முடியாது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரப் படக்காரர் அங்கே கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார் என்றால், அவருக்குக் கும்பினிச் சம்பளம். உனக்கு யார் கொடுப்பது?

இன்னொன்று. உன் சித்தப்பா பனை ஏறுவதை நிறுத்திவிட்டார் என்றும் ராஜி சொன்னாள். நீ எழுதவே இல்லை. முதல் படம் அவரைத்தான் எடுப்பேன் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறாய், சேது? முதலில் பிலிம் இல்லை, பிறகு லென்ஸ், இப்போது ஸ்டாண்ட். அவர் மரத்தின் மேல்தான் இருக்க வேண்டுமா? தளைநாரும் அரிவாள் பெட்டியுமாகத் தூரில் நிற்கட்டும். பங்குனியில் பதநீர் இறங்கும், காற்று ஆனியில்தான் கிளம்பும், நடுவில் மாதங்கள் இருக்கின்றன. உன் முதுகுக்கு ஆறு கிலோ மரக்கால் ஆகாது என்று எனக்கும் தெரியும், தம்பி மகனைத் தூக்கச் சொல்.

கேமராவைக் கவிழ்த்து, அடியில் என்ன மரை என்று பார்த்து எழுது. 3/8 போல்ட் இறங்குகிறதா, 1/4 தானா? லேத்துக்காரரிடம் உனக்கும் ஒரு தகடு சொல்லிவைக்கிறேன். கூலி வேண்டாம், வரும்போது உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ கொண்டுவா. போன தடவை கொண்டுவந்தாயே சீனிக் கலப்படம், அந்தக் கடையில் வாங்காதே.

உன்,
பாஸ்கர்