ஆடும் மேசையும் கும்பகோணத்து வீட்டுத் தரையும்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் மூவரின் நலமறிய ஆவல். புது வீட்டில் சாமான்களை இறக்கிய நாள் முதல் சாப்பாட்டு மேசை ஆடுகிறது, பீரோவின் கதவு பூட்டிக்கொள்ள மறுக்கிறது, கட்டில் இரவெல்லாம் முனகுகிறது என்று தொலைபேசியில் அடுக்கிக்கொண்டே போனாய். நடுவில், தச்சரை வரவழைத்து மேசைக் கால்களைச் சீவிவிடலாமா என்றும் கேட்டாய். அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். காலில் ரம்பம் வைக்க வேண்டாம். ஒரு வாடகை வீட்டுத் தரைக்கு ஏற்ப அறுத்த கால் அடுத்த வாடகை வீட்டில் குட்டைக் காலாகத்தான் நிற்கும். காலுக்கு அடியில் அணை கொடுத்து வைத்த துண்டை எப்போது வேண்டுமானாலும் உருவிவிடலாம். அறுத்ததை ஒட்ட முடியாது.

வீடு பார்க்க உன்னோடு வந்தபோதே தரையைக் கவனித்தேன். முற்றத்தைச் சுற்றிய கூடத்தில் சிவப்புக் காவி போட்ட பழைய தரை. மழைச்சாரலும் கழுவிவிடும் தண்ணீரும் முற்றத்தில் வடிய வேண்டும் என்று கொத்தனார் நான்கு புறமும் வாட்டம் கொடுத்திருக்கிறார். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் இருக்கும் என்பது என் கண்மதிப்பு. உள்ளறைகளில் நிலைமை வேறு. அங்கே வாட்டம் கிடையாது; ஆனால் தரைக்கு அடியில் நிரப்பிய மண் ஓரிடத்தில் அமுங்கி, ஓரிடத்தில் அப்படியே நின்று, மேல்பரப்பு அலையலையாகிவிட்டது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதே. ஒரே சீராகச் சரிந்த தரையில் சம நீளக் கால்கள் உள்ள மேசை சாய்ந்து நிற்குமே தவிர ஆடாது. தட்டில் ரசம் ஒரு பக்கம் ஒதுங்கும், பேரனின் பந்து முற்றத்தை நோக்கி உருளும், அவ்வளவுதான். மேசை ஆடுகிறது என்றால் நான்கு பாதங்களும் ஊன்றும் இடங்கள் ஒரே தளத்தில் இல்லை என்று பொருள். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமைந்துவிடும். நான்காவதுதான் வம்பு செய்யும். முக்காலி எந்தக் கரடுமுரடிலும் ஆடாமல் நிற்பதற்குக் காரணமும் அதுதான்.

இப்போது உன் மேசை நிற்கும் இடத்தை நினைத்துப் பார். கூடத்தின் மூலையில் போட்டிருப்பதாகச் சொன்னாய். ஒரு புறத்து வாட்டமும் அடுத்த புறத்து வாட்டமும் சேரும் இடம் அந்த மூலை. அங்கே தரையில் குறுக்காக ஒரு மடிப்பு ஓடும். வெறுங்கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தண்ணீர் ஊற்றினால் அந்த மடிப்பு வழியாகவே ஓடிக் காட்டிக்கொடுக்கும். பக்கத்துக்கு 90 செ.மீ. உள்ள உன் சதுர மேசையை அந்த மடிப்பின் மேல், சுவருக்கு இணையாகப் போட்டால், என் கணக்குப்படி மூன்று கால்கள் ஊன்றும்போது நான்காவது காலுக்கும் தரைக்கும் இடையே 9 மி.மீ. இடைவெளி வர வேண்டும். அதே மேசையை மூலையிலிருந்து நகர்த்தி, கூடத்தின் ஒரு புறத்து நடுப்பகுதியில் போட்டால், அங்கே இருப்பது வெறும் சரிவுதான். ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிடும். எதையும் வெட்டாமல், ஒட்டாமல், மேசையை மட்டும் நகர்த்திப் பார்ப்பதே முதல் மருந்து.

நகர்த்தியும் ஆடினால், குற்றம் தரையுடையதா மேசையுடையதா என்று பிரித்துத் தெரிந்துகொள். பலர் ஆடும் காலைப் பார்த்தவுடன் காகிதத்தை மடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். காரணம் தெரியாமல் வைத்த முட்டு நாலு நாளில் நழுவிவிடும். பாலிடெக்னிக் பட்டறையில் மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த முறை எளிது. நான்கு கால்களிலும் சாக்பீஸால் வரிசையாக 1, 2, 3, 4 என்று எழுது. தரையில் அவை நிற்கும் இடங்களையும் வட்டமிட்டுக் கொள். எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு கால்கள்தான் மாறி மாறித் தூக்கும். அவை எவை என்று குறித்துக்கொண்டு, மேசையைக் கால் சுற்று (90 பாகை) மட்டும் திருப்பி, அதே வட்டங்களின் மேல் நிறுத்து. முன்பு ஆடிய அதே கால்கள் இப்போதும் ஆடினால் குற்றம் மேசையுடையது. கால்கள் மாறி, தரையில் குறித்த அதே இடங்களில் ஆட்டம் நிலைத்தால் குற்றம் தரையுடையது. அரைச் சுற்றுத் திருப்பினால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. அதே மூலைகளுக்கு அதே கால்சோடி திரும்பிவிடும். நீளமான மேசையை இப்படித் திருப்ப முடியாது; அதைச் சமதளம் என்று உறுதியாகத் தெரிந்த வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியதுதான்.

மேசையைத் திருப்பும்போதே உனக்கு ஒரு வேடிக்கை புலப்படலாம். கணக்கு வாத்தியாராகிய நீ இதை ரசிப்பாய் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். சம நீளமுள்ள நான்கு கால்கள் கொண்ட சதுர மேசையை, மேடுபள்ளம் இருந்தாலும் படி போன்ற வெட்டு இல்லாத தரையில், இருந்த இடத்திலேயே மெல்லத் திருப்பிக்கொண்டு போனால், கால் சுற்று முடிவதற்குள் நான்கு கால்களும் ஊன்றும் ஒரு நிலை வந்தே தீரும். தொடக்கத்தில் ஒரு கால்சோடி ஊன்றி மற்றொரு சோடி அந்தரத்தில் நிற்கிறது. கால் சுற்று முடிந்ததும் இரண்டு சோடிகளும் இடம் மாறிக்கொள்கின்றன. ஒன்றின் இடைவெளி நேர் எண்ணிலிருந்து எதிர் எண்ணுக்குப் போகும் வழியில் சுழியைத் தாண்டாமல் போக முடியாது. அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1973இல் தம் கணிதப் பத்தியில் இதைப் பரப்பினார். செர்ன் ஆய்வு மையத்து இயற்பியலாளர் ஆந்த்ரே மார்ட்டின் 2005இல் இதற்கு முறையான நிறுவல் ஒன்றை எழுதினார். ஒன்றை மறந்துவிடாதே: இது ஆட்டத்தை நிறுத்துமே ஒழிய மேற்பலகையை மட்டமாக்காது. மேசை சுவருக்குக் கோணலாகவும் நிற்கக்கூடும். அம்மாவுக்கு அதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். பதித்த ஓடுகளில் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருக்கும் தரையில் இந்த விதி செல்லாது.

இத்தனைக்கும் பிறகு அணை கொடுக்க வேண்டியிருந்தால், இடைவெளியை முதலில் அளந்துகொள். மூன்று கால்கள் ஊன்றும்படி மேசையை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தூக்கிய காலுக்கு அடியில் நோட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகச் செருகு. சாதாரணத் தாள் பத்து சேர்ந்தால் ஏறக்குறைய 1 மி.மீ. வரும். காலாவதியான ஏடிஎம் அட்டை 0.76 மி.மீ.; அதுவும் நல்ல அளவுகோல். ஆடும் இரண்டு கால்களில் எதற்கு அணை கொடுத்தாலும் ஆட்டம் நிற்கும் என்பதால், எதற்குக் கொடுத்தால் மேற்பலகை மட்டத்துக்கு அருகில் வருகிறதோ அதற்குக் கொடு. ரசமட்டம் இல்லையென்றால் ஒரு கிண்ணத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தாலே போதும்.

தாளும் அட்டையும் அளப்பதற்குத்தான், அப்படியே விட்டுவிடாதே. தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கும் வீட்டில் அட்டை ஊறி நசுங்கிவிடும். பழைய தரையில் கரையானுக்கும் அழைப்பு வைத்த மாதிரி. செருப்பு ரப்பர் நாற்காலிக்குப் பரவாயில்லை, பாரமான பொருளின் கீழ் அமுங்கிக்கொண்டே போகும். நான் நம்புவது மரப்பலகை மேல் ஒட்டும் மைக்காத் தகட்டின் துண்டைத்தான். தச்சுப் பட்டறை வாசலில் கழிவாகக் கிடக்கும், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பெரும்பாலும் 1 மி.மீ. தடிமன் என்பதால் எத்தனை மி.மீ. வேண்டுமோ அத்தனை துண்டுகளை அடுக்கிக்கொள்ளலாம். தண்ணீர் பட்டாலும் நசுங்காது. காலின் பாதத்தை விடச் சற்றுச் சிறிதாக வெட்டினால் வெளியே தெரியாது, காலிலும் தட்டாது. மேசையின் கால்தான் குட்டை என்று சோதனையில் தெரிந்திருந்தால் அந்தத் துண்டைக் காலோடு பசை வைத்து ஒட்டிவிடு. வீடு மாறினாலும் கூடவே வரும். தரைதான் பள்ளம் என்றால் காலில் ஒட்டாதே. அது தரைக்குரிய துண்டு. மேசையை வேறு இடத்துக்கு நகர்த்திய அன்றே அது புது ஆட்டத்தை உண்டாக்கும்.

இடைவெளி பெரிதாக இருந்தாலோ மேசையை அடிக்கடி நகர்த்துவாய் என்றாலோ காலின் அடியில் மரைத் திருகுப் பாதம் பொருத்தலாம். ஹார்டுவேர் கடையில் லெவலிங் புஷ் என்று கேள். எம்8 அளவுத் திருகு (8 மி.மீ. விட்டம்) ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ. உயரும். காலின் நடுவில் துளையிட வேண்டியிருப்பதால் அதைத் தச்சரே செய்யட்டும். குளிர்பதனப் பெட்டியிலும் சலவை இயந்திரத்திலும் இத்தகைய பாதம் வாங்கும்போதே இருக்கும். அவற்றுக்கு அடியில் செங்கல்லோ பலகையோ வைக்காதே. சலவை இயந்திரத்தில் பாதத்தைச் சரிசெய்தபின் அதன் மேலுள்ள நட்டை அடிப்பாகத்தோடு இறுக்காவிட்டால் அதிர்விலேயே திருகு கழன்று பழையபடி ஆகிவிடும்.

கட்டில் முனகுவதைத் தரையின் தலையில் போடாதே. அது மூட்டின் குரல். ஈரக்காற்றில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். இந்த மாற்றம் மரத்தின் அகலத்திலும் கனத்திலும்தான் நிகழும், நீளத்தில் மிகக் குறைவு. ஆகவே பருவத்தால் கால் குட்டையாவதில்லை. காலும் சட்டமும் சேரும் இடம் தளர்கிறது. உன் கட்டில் போல்ட் போட்டது. எல்லாப் போல்டுகளையும் அரைச் சுற்று தளர்த்தி, கட்டில் நிற்க வேண்டிய இடத்திலேயே நிறுத்தி, மாப்பிள்ளையை அதன் நடுவில் உட்காரச் சொல்லிவிட்டு, எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி இறுக்கு. சட்டம் தரையின் முறுக்குக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டு நான்கு காலும் ஊன்றிவிடும். இரும்பு ரேக்குக்கும் இதே வைத்தியம்தான்.

பீரோவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்வேன். அடிப்பாகம் முறுக்கியிருப்பதால்தான் இரண்டு கதவுகளும் மேலே ஒன்றுக்கொன்று ஏறுமாறாக நிற்கின்றன, பூட்டின் நாக்கும் துளைக்கு நேராக வரவில்லை. எந்தக் கதவு தாழ்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கத்து முன்காலுக்கு மைக்காவை ஒவ்வொன்றாக ஏற்று. கதவுகளுக்கு இடையிலுள்ள சந்து மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாகும்போது நிறுத்து. பிறகு இரண்டு முன்கால்களுக்கும் சமமாக இன்னும் ஓரிரு துண்டுகள் கொடுத்தால் பீரோ சுவர்ப் பக்கம் இலேசாகச் சாயும். ஆனால் பேரனுக்கு இப்போது எதைக் கண்டாலும் ஏறும் வயது. திறந்த இழுப்பறை அவனுக்குப் படிக்கட்டு. அமெரிக்காவில் குழந்தைகள் மேல் இத்தகைய அலமாரிகள் கவிழ்ந்து உயிர்கள் போனதால், 2022இல் துணி அலமாரிகளின் நிலைத்தன்மைக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பாரமான பட்டுப்புடவைகளையும் பாத்திரங்களையும் கீழ்த்தட்டுக்கு மாற்று. பீரோவின் உச்சியில் எல் வடிவக் கம்பி இரண்டு வைத்துச் சுவரோடு பிணைத்துவிடு. அந்த வீட்டுச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு தடிமனானது. பூச்சை மட்டும் பற்றிய திருகு குழந்தை தொங்கினாலே பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் நன்றாக இறங்கும் நீளத் திருகு வேண்டும். துளையிடும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. காரணத்தைச் சொன்னால் மறுக்க மாட்டார்.

தரையில் ஏதாவது ஓரிடத்தில் காசால் தட்டும்போது பொள்ளலாக ஒலித்தால் அங்கே எந்தப் பாரமும் வைக்காதே. அடியில் எலி வளை இருக்கலாம், அல்லது மண் இறங்கியிருக்கலாம். அதற்குக் கொத்தனார்தான் வர வேண்டும்.

சாக்பீஸ் சோதனையைச் செய்து, எந்தக் காலுக்கு எத்தனை மி.மீ. வேண்டும், பாதத்தின் அகலம் என்ன என்று எழுதி அனுப்பு. மைக்காவை அளவாக வெட்டி, ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்து, அம்மா இடித்து வைத்திருக்கும் சாம்பார்ப் பொடியோடு சேர்த்துக் கூரியரில் அனுப்புகிறேன். பீரோவை மட்டும் அந்தப் பொட்டலத்துக்காகக் காத்திருக்க வைக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமையே மாப்பிள்ளையிடம் சொல்லிச் சுவரோடு பிணைத்துவிட்டு, எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா