கூலிபாளையம் வரை வந்த மகளுக்கு

அம்மிணி,

இங்கே எல்லோரும் நலம். எருமை கன்று ஈன்றிருக்கிறது, கிடாரி.

கூலிபாளையம் குளத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பறவை எண்ணுகிறார்கள் என்று சொசைட்டியில் பேசிக்கொண்டார்கள். தொலைநோக்கியோடு நின்ற ஒரு பெண் உங்கள் மகள் மாதிரியே இருந்தாள் என்றார் ஒருவர். வந்திருந்தால் வீட்டுக்கு வராமல் போவாளா என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். பிறகு சித்தப்பா மகன் நீ அனுப்பிய படத்தைக் காட்டினான். அங்கிருந்து ஊத்துக்குளி பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. போகட்டும், கணக்கெடுப்பு என்றால் நேரம் இருக்காதுதான்.

விடியும் முன்பே கரையில் நிற்கிறீர்களாம். தைப் பனி காதில் இறங்கும்; தலையில் துண்டு கட்டிக்கொள். படத்தில் ரப்பர் செருப்போடு சேற்றில் நிற்கிறாய். கோரைப்புல்லுக்குள் என்ன கிடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

அந்த வரித்தலை வாத்துப் படத்தை உன் அம்மா பெரிதாக்கிப் பார்த்தாள். இமயமலையைத் தாண்டி வருகிறது என்று நீ முன்பு சொன்னதைச் சொன்னேன். "அதற்கு வழி தெரிந்திருக்கிறது" என்றாள். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டாள்.

நம் ஊர்க் குட்டையைத் தூர்வாரப் போகிறார்கள். கூட்டத்தில் நான்தான் எழுந்தேன். முழுக்கக் கிணறாக வெட்டினால் உள்ளானும் நாரையும் எங்கே நின்று இரை எடுக்கும், கரையோரம் ஆழமில்லாமல் விடுங்கள் என்றேன். சீமைக் கருவேலத்தையும் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டச் சொன்னேன். சிரித்தார்கள். 2024 ஆகஸ்டில் அந்தக் கூலிபாளையம் குளம், நம் நஞ்சராயன் குளம், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததே, அது எதற்காக என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டபோது உன் பெயரைச் சொன்னேன். நீ பக்கத்து ஊர் வரை வந்துவிட்டுப் போனது அதற்குள் அவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

கூட்டமாக மிதக்கும் நாமக்கோழிகளைப் பத்துப் பத்தாகக் கூறுபோட்டு எண்ணுவீர்களாமே. பட்டியில் என் அப்பா, உன் அப்பாரு, ஆடு எண்ணுவது போலத்தான். அவர் எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. நீ மட்டும் அவர் தோளில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாய்.

நல்ல பூட்ஸ் வாங்கு, பணம் அனுப்பியிருக்கிறேன். விடுதியில் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் சொல், வெண்ணெய் காய்ச்சி நெய்யாக அனுப்புகிறோம். தலைக்குத் துண்டு, மறக்காதே.

அடுத்த கணக்கெடுப்புக்கு வரும்போது உன் கூட்டாளிகளையும் வீட்டுக்கு அழைத்து வா. எத்தனை பேர் என்றாலும் திண்ணை இருக்கிறது. வெள்ளகோவில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. உன் பெரியம்மா கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா